வெளிச்சம் கண்ணிலிருந்து போகிறதா, கண்ணுக்கு வருகிறதா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. கண்ணிலிருந்து வெளிச்சம் போய்ப் பொருள்மேல் படுவதால்தான் நமக்குத் தெரிகிறது என்று அடித்துச் சொல்கிறாள். பூனையின் கண் இருட்டில் மின்னுவதைச் சாட்சிக்கு இழுக்கிறாள். விளக்கை அணைத்தாலும் "கொஞ்ச நேரத்துல எல்லாம் தெரியுதே" என்று மடக்குகிறாள். எப்படிப் புரியவைப்பது? இதற்கிடையில் தெரிந்தவர் ஒருவர், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் பயிற்சியில் சேர்த்தால் பார்வைத் திறன் கூடும் என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சேர்க்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

உங்கள் மகள் சொல்வதைத்தான் பழங்கால அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் சொன்னார்கள். கண்ணிலிருந்து கதிர் கிளம்புகிறது என்பது பல நூற்றாண்டுகள் பெரிய மூளைகள் நம்பிய விஷயம். 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்த இப்னு அல்-ஹைதம் என்ற அறிஞர்தான் அதை அழுத்தமாக மறுத்தார். பளீரென்ற வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசி வலிக்கிறதே, உள்ளே ஏதோ வராமல் எப்படி வலிக்கும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. (இதைச் சூரியனைப் பார்க்கவைத்து நிரூபிக்கக் கிளம்பிவிடாதீர்கள். கண் கூசுவது வேறு, விழித்திரை கெடுவது வேறு. விழித்திரை கெடும்போது வலிக்காது.)

நம் பேச்சும் அவள் கட்சிதான். 'பார்வையை வீசினான்', 'கண்ணொளி போய்விட்டது' என்றுதானே சொல்கிறோம்? போதாக்குறைக்குக் கண்ணிலிருந்து பொருளை நோக்கி அம்புக்குறி போட்ட படங்களும் கையில் கிடைக்கின்றன. 'ஒளி நேர்கோட்டில் செல்லும்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வாக்கியம் சரியா என்று திருத்துகிறார்கள், அம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விளக்கை அணைத்த அறையை நம்பாதீர்கள். கதவிடுக்கு, சார்ஜரின் பொட்டு வெளிச்சம் என்று ஏதாவது இருக்கும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதனால் 'கொஞ்ச நேரத்துல தெரியுதே' என்று அவள் சொன்னது சரியான கவனிப்பு. அதை மறுத்தால் அவள் உங்களைத்தான் நம்பமாட்டாள்.

ஒரு ஷூ டப்பா எடுங்கள். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். ஒரு முனையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மூடியில், எதிர் முனைக்கு மேலே, தபால்தலை அளவுக்கு ஒரு ஜன்னல். மூன்று பக்கம் மட்டும் வெட்டினால் திறந்து மூடலாம். அவளுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு பொம்மையை வைத்து, மூலைமுடுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டுங்கள். இந்தச் சோதனை சொதப்பினால் பெரும்பாலும் காரணம் மூலையில் கசியும் வெளிச்சம்தான். ஓட்டையில் கண்ணை ஒட்டிவைத்து ஐம்பது வரை எண்ணச் சொல்லுங்கள். "ஒண்ணும் தெரியல" என்பாள். இன்னொரு ஐம்பது. அப்போதும் தெரியாது. இப்போது ஜன்னலை ஒரு நூலளவு தூக்குங்கள். எதுவும் விளக்காதீர்கள். மூடுங்கள், திறங்கள், மூடுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு மட்டும், "உன் கண் இங்கேதானே இருந்தது, அதிலிருந்து வெளிச்சம் போனால் மூடியிருக்கும்போதும் தெரிந்திருக்கணுமே?" என்று கேளுங்கள். அப்புறம் ஒரே வாக்கியம்: வெளிச்சம் பொம்மைமேல் பட்டு, அங்கிருந்து உன் கண்ணுக்குள் வருகிறது. ஆறு வயதுக்கு இது போதும்.

நிழலை அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் டார்ச்சே போதும், கிட் எதுவும் வாங்க வேண்டாம். பல பல்பு வைத்த டார்ச் என்றால் நிழல் மங்கிக் குழம்பும். லேசர் பொம்மை வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் சக்தி அளவை நம்ப முடியாது. சுவரில் கை நிழல் விழும்போது, கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வெள்ளைத்தாளை நீட்டுங்கள். நிழல் தாளுக்கு வந்துவிடும். சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று அல்ல, கைக்குப் பின்னால் வெளிச்சம் வராத இடம் முழுக்க நிழல்தான் என்பது அவளுக்கே பிடிபடும்.

பூனைக்கு வருவோம். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. இதற்கு விடை கிடைக்கும்வரை அவள் மற்ற எதையும் ஒத்துக்கொள்ளமாட்டாள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சத்தை அது வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. நாய்க்கும் மாட்டுக்கும் உண்டு, நமக்கு இல்லை. இதை வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள், பூனையும் நீங்கள் சொன்ன இடத்தில் உட்காராது. ஆகவே சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் சில அடி தள்ளி நின்று டார்ச்சை அவள் கன்னத்தை ஒட்டிப் பிடித்து அடிக்கச் சொல்லுங்கள்: ஜொலிக்கும். பிறகு டார்ச்சை நீங்கள் வாங்கிக்கொண்டு நாலு எட்டு பக்கவாட்டில் தள்ளிப்போய் அடியுங்கள். அவள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் மினுக்கம் காணாமல் போயிருக்கும், திரும்பிய வெளிச்சம் உங்களிடம் வந்துவிட்டதால். டார்ச்சை அணைத்தால் யாருக்கும் இல்லை. பூனைக் கண்ணும் இப்படித்தான். கும்மிருட்டில் அது மின்னாது, பூனைக்கும் எதுவும் தெரியாது. நமக்குப் போதாத வெளிச்சம் அதற்குப் போதும், அவ்வளவுதான்.

இப்போது கண்கட்டுப் பயிற்சி. 'நடுமூளையைத் தூண்டுகிறோம்' என்பார்கள். நடுமூளை எல்லாக் குழந்தைக்கும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கண் அசைவையும் கண்பாப்பா சுருங்குவதையும் நடத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. அது தூங்கிக்கொண்டிருந்தால் உங்கள் மகள் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க முடியாது. கண்ணைக் கட்டினாலும் மூக்கின் இரு பக்கமும் சின்ன இடைவெளி இருக்கும். குழந்தை அதன் வழியே கீழே பார்க்கிறது. மேடையில் புத்தகம் ஏன் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்கிறது என்று கவனியுங்கள்.

சேர்த்துவிடும் ஆளுக்குக் கமிஷன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கண்ணைக் கட்டவே வேண்டாம், ஷூ டப்பாவின் மூடியை மூடிவைக்கிறேன், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை கேட்டேன். சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் சக்தி வேலை செய்யாதாம். இதை விற்கிறவர்களைக் கேட்பாரில்லை; வகுப்பறைக்கு ஒரு டார்ச் வேண்டுமென்று ஆசிரியர் கேட்டால் மட்டும் மூன்று படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அந்த வகுப்புக்குப் போய்வந்த குழந்தை யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், நாலு பேர் முன்னால் சோதிக்காதீர்கள். பெரியவர்கள் கைதட்டியதால் தொடங்கிய பொய் அது, அந்தப் பிள்ளைக்கு அதிலிருந்து வெளியே வர வழி தெரியாது. டப்பாவை அந்தப் பிள்ளையின் கையிலும் கொடுத்து, உள்ளே வைக்கப் புதிதாக ஒரு பொம்மையை அந்தப் பிள்ளையையே தேடிவரச் சொல்லுங்கள்.