ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுக்கலாமா? கடிக்கும், வீட்டில் அடங்காது என்கிறார்களே?

கேட்டிருப்பவர் மெல்போர்னில் மாடிப்படி உள்ள டவுன்ஹவுஸில் குடியிருக்கிறார். ஆறு வயதுப் பையன், வெளியே போகாத ஒரு பூனை, கணவன் மனைவி இருவருக்கும் வேலை. தத்தெடுப்பு மையத்தில் பார்த்த ஒரு நாய் பிடித்துவிட்டது. தெரிந்தவர்களோ "வாய்க்கூடு போட்ட ரேஸ் நாய், வம்பை விலைக்கு வாங்காதே" என்கிறார்களாம்.

தாராளமாக எடுக்கலாம். அவர்கள் சொல்லும் இரண்டு பயத்துக்கும் பெரிதாக ஆதாரம் கிடையாது. ஆனால் அவர்கள் சொல்லாத நாலைந்து விஷயங்கள் உண்டு. தத்துப் போன கிரேஹவுண்ட் மையத்துக்கே திரும்பி வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலில் வாய்க்கூடு, அதாவது மசில். ஆஸ்திரேலியாவில் ஒரு பந்தயத்தில் எட்டு நாய்கள் வரை ஓடும். எல்லாம் ஒரே பொம்மையைத் துரத்திப் போய், கடைசியில் ஒரே இடத்தில் குவியும். அந்த வெறியில் ஒன்றின் பல் இன்னொன்றின் மேல் பட்டால் போதும், இந்த இனத்தின் தோல் காகிதக் கனம்தான், கிழிந்துவிடும். அதற்காகத்தான் கூடு. வண்டியில் ஏற்றும்போதும், பல நாய்களை ஒன்றாகத் திறந்துவிடும்போதும் அதே காரணம். மனிதரைக் கடிக்கும் என்பதற்காக அல்ல. ஓடும்போது பக்கத்து நாயின் மேல் பாய்ந்தால் பந்தயத்திலிருந்தே விலக்கி வைப்பார்கள், அதனால் சண்டைக்கார நாய் உரிமையாளருக்கு நஷ்டம். தலைமுறை தலைமுறையாக அப்படிப்பட்டவை கழிந்துகொண்டே வந்திருக்கின்றன. பொது இடத்தில் வளர்ப்பு கிரேஹவுண்டுக்கு மசில் கட்டாயம் என்ற சட்டம் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 2019 ஜனவரியிலும் நியூ சவுத் வேல்ஸில் அதே ஆண்டு ஜூலையிலும் நீங்கிவிட்டது. பழைய சட்டம் விட்டுப்போன பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மனிதரிடம் இவை சாதுவாக இருப்பதற்கு வளர்ப்பு முறையும் ஒரு காரணம். குட்டியிலிருந்தே எடை பார்க்க, நகம் வெட்ட, காதில் பச்சை குத்திய எண்ணைச் சரிபார்க்க, தசை பிடித்துவிட, பந்தய நாளில் மருத்துவர் தொட்டுப் பார்க்க என்று எத்தனையோ கைகள் மேலே பட்டுப் பழகியிருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செர்பெல் குழு நாய் இனங்களின் மூர்க்கத்தை ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரிடமும் மற்ற நாய்களிடமும் மிகக் குறைவாக மூர்க்கம் காட்டிய இனங்களில் லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவரோடு கிரேஹவுண்டும் இருந்தது.

நம் ஊர்க்காரர்கள் இன்னொரு தப்புக்கணக்கும் போடுவார்கள். ஒல்லி உடம்பு, நீண்ட முகம், உள்வாங்கிய வயிறு என்றதும் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நினைவுக்கு வரும். புதியவரைச் சந்தேகிக்கும், வாசலைக் காக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். கிரேஹவுண்டிடம் அது நடக்காது. குரைப்பதே அபூர்வம். திருடன் வந்தாலும் தலையைத் தடவித் தரச் சொல்லி நிற்கும். காவலுக்கு நாய் வேண்டுமென்றால் இது வேண்டாம்.

அடுத்தது, ஓயாமல் ஓடும் என்பது. 500 மீட்டர் பந்தயம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்கு ஏற்ற உடம்பு இது. நாள் முழுக்க ஓடுவது ஆட்டு மந்தை மேய்க்கும் பார்டர் கோலி போன்ற இனங்களின் வேலை. ஒரு நாளில் 16 முதல் 18 மணி நேரம் தூங்கும். காலையும் மாலையும் 20 முதல் 30 நிமிட நடை போதும்.

இங்கேதான் எதிர்ப்பக்கத்துக் கட்டுக்கதை நுழைகிறது. தத்தெடுப்புப் பிரசாரமே பரப்பியது அது: "உலகத்திலேயே சோம்பேறி நாய், எந்தக் கவலையும் இல்லை." என் கணிப்பில் கடிநாய் என்ற பயத்தைவிட இதுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. கடிக்கும் என்று பயப்படுகிறவர் நாயை எடுக்கவே மாட்டார். சோம்பேறி என்று நம்புகிறவர் எடுத்துக்கொண்டு போய் பூங்காவில் கயிற்றை அவிழ்த்துவிடுவார். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16 மீட்டருக்கு மேல். தூரத்தில் ஒரு முயலோ காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பையோ கண்ணில் பட்டால், நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது சாலையைத் தாண்டியிருக்கும். துரத்தும்போது காது கேட்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் மசில் சட்டம் போனாலும், பொது இடத்தில் கிரேஹவுண்ட் கயிற்றில்தான் இருக்க வேண்டும் என்ற விதி போகவில்லை. கயிறில்லாமல் ஓடவிட வேண்டுமானால் நாலு பக்கமும் வேலி அடைத்த இடம் பாருங்கள். வேலி ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். குள்ள நாய்கள் அவிழ்ந்து திரியும் பூங்காவைத் தவிர்த்துவிடுங்கள். பந்தய வாழ்க்கையில் வேறு இன நாயையே பார்த்திராத கிரேஹவுண்டுக்கு, ஓடும் வெள்ளைப் பொமரேனியன் நாயாகத் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கழுத்துப் பட்டையிலும் கவனம் வேண்டும். இதன் கழுத்து தலையைவிட அகலம். சாதாரண பக்கிள் பட்டையிலிருந்து பின்பக்கமாக உருவிக்கொண்டு போய்விடும். மார்டிங்கேல் என்ற வகையை வாங்குங்கள்: இழுத்தால் ஓர் அளவுக்கு மட்டும் இறுகும், மூச்சை அடைக்காது. நாலைந்து சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் உட்கார வேண்டும். இழுத்துப் பிடிக்கும்போது இரண்டு வளையங்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பட்டை தளர்வு என்று அர்த்தம். நடுவில் இரண்டு விரல் இடைவெளி வருமாறு அளவைக் குறையுங்கள். பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் லீஷ் கூடவே கூடாது. வேகமெடுத்து அதன் கடைசி வரை போய் நிற்கும்போது வரும் வெட்டு நாயின் கழுத்தையும் உங்கள் தோளையும் சேர்த்தே பதம் பார்க்கும்.

இப்போது உங்கள் பையன் விஷயம். விழித்திருக்கும் கிரேஹவுண்டைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன், தூங்கும் கிரேஹவுண்டைப் பற்றித்தான். பந்தய நாய்களை வைத்திருக்கும் கென்னலில் அதற்குத் தனிப் படுக்கை, தூங்கும்போது யாரும் வந்து தொட்டதே இல்லை. சில நாய்கள் கண்ணைப் பாதி திறந்துகொண்டே தூங்கும், பார்த்தால் விழித்திருப்பது போலவே இருக்கும். குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டால் திடுக்கிட்டு உறுமும், சில வேளை பல்லும் படும். "எந்தக் காரணமும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று வரும் புகார்களில் பல இப்படிப்பட்டவைதான். படுக்கையை நடமாட்டமில்லாத மூலையில் போட்டு, குழந்தைக்கான தடுப்புக் கதவு ஒன்றை வைத்துவிடுங்கள். படுத்திருக்கும் நாயிடம் நாம் போவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அது எழுந்து வந்தால்தான் தொடுவது என்பதைப் பையனுக்குப் பழக்குங்கள். முதல் சில வாரம் சோபாவிலும் கட்டிலிலும் கூடப் படுக்க விட வேண்டாம். உறுமினால் திட்டாதீர்கள். உறுமலை அடக்கினால் எச்சரிக்கைதான் போகும், கடி போகாது.

பூனை இருப்பதால் எந்த நாய் என்பதே முக்கியக் கேள்வி. இனத்தைப் பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. பூனையைக் கண்டதும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் நாயும் உண்டு, எத்தனை வருடமானாலும் நம்ப முடியாத நாயும் உண்டு. மையத்தில் பூனைச் சோதனை செய்வார்கள். அப்போது நீங்களும் பார்க்க முடிந்தால் நல்லது. பூனையைப் பார்த்துவிட்டுப் பெயர் கூப்பிட்டதும் முகம் திருப்பினால் நல்ல அறிகுறி. உடம்பு விறைத்து, கண் சிமிட்டாமல் பார்த்து, நடுங்கி, முனகி, தின்பண்டம் நீட்டினாலும் கவனிக்கவில்லை என்றால் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு ஆகாது. சோதனையில் தேறிய நாய்க்கும் வீட்டில் முதல் வாரங்களில் கயிறும் மசிலும் இரண்டும் வேண்டும். மசில் மட்டும் போதாது, 30 கிலோ நாய் மேலே விழுந்தாலே பூனைக்கு முதுகு முறியும். பூனை ஏறி உட்கார உயரமான அலமாரி, நாய் நுழைய முடியாத ஓர் அறை இரண்டும் இருக்கட்டும். இருவரையும் தனியாக விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வீட்டுக்குள் பூனையோடு சமாதானமாக இருக்கும் நாய், தோட்டத்தில் ஓடும் அதே பூனையைத் துரத்தும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தனிமை. பிறந்ததிலிருந்து இந்த நாய் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை, பக்கத்துக் கூண்டில் எப்போதும் இன்னொன்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். வழக்கமாக நடப்பது இதுதான்: அன்பு மிகுந்து ஒரு வாரம் லீவு போட்டு, 24 மணி நேரமும் கூடவே இருப்பார்கள், திங்கட்கிழமை ஒரேயடியாக ஒன்பது மணி நேரம் வெளியே போவார்கள். திரும்பி வரும்போது கதவு பிறாண்டப்பட்டிருக்கும், வீடெல்லாம் மூத்திரம், ஊளைச் சத்தம் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டு. லீவு போடுங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே அதில் பிரிவைப் பழக்குங்கள். தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம், பிறகு ஐந்து. வாசலுக்கு வெளியே இரண்டு நிமிடம், பிறகு பத்து, அரை மணி. ஒரு பழைய போனைக் கேமராவாக வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், கதவருகே இடைவிடாத நடை தெரிந்தால் நேரத்தைக் கூட்டாமல் ஒரு படி பின்னால் வாருங்கள். சில நாய்களுக்கு எதுவும் பலிக்காது, துணைக்கு இன்னொரு நாய் இருந்தால்தான் அடங்கும். உங்கள் நாய் எப்படிப்பட்டது என்பது தத்துக்கு முன் அதைத் தற்காலிகமாக வளர்த்த வீட்டாருக்குத் தெரியும், வெட்கப்படாமல் கேளுங்கள்.

மாடிப்படி, கண்ணாடிக் கதவு, வழுக்கும் தரை எல்லாம் அதற்கு வாழ்க்கையில் முதல் முறை. கண்ணாடியில் அதன் கண் உயரத்துக்கு டேப் ஒட்டி, கயிற்றில் பிடித்துக் கொண்டுபோய் விரலால் தட்டிக் காட்டுங்கள். படியில் கீழ் மூன்று படிகளில் மட்டும் பழக்கம் ஆரம்பிக்கட்டும்: ஒருவர் முன்னால் கயிற்றோடு, ஒருவர் பின்னால். பாதத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுத்த படியில் வையுங்கள். ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் பயப்படும். ஒரே தாவலாகத் தாவப் பார்க்கும், கால் முறிவது அங்கேதான். மரப்படியாக இருந்தால் ரப்பர் விரிப்பு ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நடையின்போது திடீரென்று சிலையாக நின்றுவிடும். பிடிவாதம் என்று நினைத்து இழுக்காதீர்கள், புதிய சத்தமும் வாசனையும் திணறடிப்பதால் அப்படி. கயிற்றைத் தளர்த்தி அரை நிமிடம் நில்லுங்கள், பிறகு வந்த பக்கமாகவே ஒரு வட்டம் போட்டு நடந்தால் வந்துவிடும். "உட்கார்" பழகவில்லை என்று மூளை குறைவாக எடை போடுவதும் வேண்டாம், தொடைத் தசை கனத்ததால் பலவற்றுக்கு உட்காருவதே வசதியில்லை.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது கிரேஹவுண்ட் பார்த்துப் பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதன் ரத்த அளவுகளே வேறு. சிவப்பணு விகிதம் மற்ற நாய்களைவிட அதிகம், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவு, சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதல், டி4 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவு. இது தெரியாதவர் கையில் போனால் நல்ல நாய்க்கு ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரை எழுதிவிடுவார். தயோபென்டல் போன்ற சில மயக்க மருந்துகளை இதன் கல்லீரல் மெதுவாகத்தான் உடைக்கும், அதனால் விழிக்க மிகவும் தாமதமாகும். அறுவை முடிந்து நன்றாக இருந்த நாய்க்கு ஓரிரு நாள் கழித்து ரத்தம் கசிவதும் உண்டு. பல் பெரும்பாலும் மோசமான நிலையில்தான் வரும், முதல் வருடத்திலேயே பல் சுத்தம் செய்யும் செலவை எண்ணிக்கொள்ளுங்கள். நொண்டினால் எங்கே நொண்டுகிறது என்று பாருங்கள். சிமென்ட் தரையில் நொண்டி, புல்லில் சரியாக நடந்தால் பாதத்தில் கால் ஆணி, அதாவது தோல் தடித்துக் கெட்டியான இடம், இருக்கலாம். எந்தத் தரையிலும் ஒரு வாரத்துக்கு மேல் நொண்டினால் உடனே எக்ஸ்ரே, ஏனென்றால் இந்த இனத்துக்கு எலும்புப் புற்றுநோய் அதிகம்.

கடைசி இரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரிவது சரியான எடை, பட்டினி போட்டிருப்பதாக யாராவது திட்டினால் கண்டுகொள்ளாதீர்கள். கொழுப்பு இல்லாத உடம்புக்கு மெல்போர்ன் குளிரில் கோட்டு வேண்டும், படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: மூன்று வயதுக்கு மேற்பட்ட, பூனைச் சோதனையில் தேறிய, குழந்தை உள்ள வீட்டில் சில வாரமாவது இருந்து பார்த்த நாயாகக் கேளுங்கள். நீங்கள் பார்த்து மயங்கிய நாய்க்கு இந்தச் சோதனை இன்னும் நடக்கவில்லையென்றால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். தேறவில்லையென்றால் வேறு நாயைப் பாருங்கள். இருவரில் ஒருவராவது வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்பதை நாயைக் கூட்டிவரும் முன்பே அலுவலகத்தில் பேசி முடித்துவிடுங்கள்.