கருப்பு வெள்ளை மரியோ

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இப்போது மஸ்கட்டில் வேலை. சின்ன வயதில் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ஆடிய டிவி கேம் ஞாபகம் வந்து, போன வாரம் அந்தப் பழைய கேம்களையெல்லாம் போனில் இறக்கினேன். மரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ் எல்லாமே இருக்கிறது. பத்து நிமிஷம்கூட ஆட முடியவில்லை. பக்கத்திலிருந்த மகன் "இதுவாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அந்த கேம்களே சுமார்தானோ, விவரம் தெரியாத வயதில் பெரிதாகத் தெரிந்ததோ என்று மனசு கனத்துவிட்டது. ஊருக்கு வரும்போது பழைய பெட்டியைத் தேடவா, விட்டுவிடவா?

கு.

அன்புள்ள கு.,

தேடுங்கள். கேம்கள் சுமார் இல்லை. நீங்கள் போனில் ஆடியதுதான் வேறு பொருள்.

நாம் டிவி கேம் என்று சொன்னது, 1983 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் நகல். அதை வடிவமைத்த மசாயுகி உயெமுரா 2021 டிசம்பரில் காலமானார். அந்தச் செய்தியில்தான் அவர் பெயரையே முதன்முதலாகப் படித்தேன். அவ்வளவு காலம் அவர் வேலையை அனுபவித்தும் பெயர் தெரியாமல் இருந்தது அன்று எனக்கு உறுத்தியது. நம் பக்கம் வந்ததெல்லாம் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று வேறு பெயர் ஒட்டிய பெட்டிகள்.

ரிமோட்டில் சிலுவை மாதிரி ஒரு பட்டன் இருக்குமே, அது 1982ல் நிண்டெண்டோவின் கும்பே யோகோய் உருவாக்கியது. கண் டிவியிலேயே இருக்கும். விரல் தானாக விளிம்பைத் தடவித் திசையைப் பிடித்துக்கொள்ளும். முழுப்பரீட்சை லீவு முடியும்போது எனக்கு இடது கட்டைவிரலில் காய்ப்பு ஏறியிருக்கும். போன் கண்ணாடியில் விரலுக்குப் பிடிமானம் ஏது? திரையில் பறக்கும் வாத்தைச் சுடும் கேம் துப்பாக்கியும் அப்படித்தான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக்குள் விழுந்தால் வாத்து செத்தது. பிக்சர் டியூப் வைத்த பழைய குழாய் டிவியில்தான் இது நடக்கும். புது டிவி படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் கணக்கு தப்பிவிடும்.

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில், ஒரு வளவுக்குள். பட்டாசலில் டயனோரா கருப்பு வெள்ளை டிவி. ஆண்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் வயரைச் சொருகி, புள்ளி புள்ளியாக ஓடும் திரையில் படம் நிற்கும்வரை டியூனரைத் திருகுவேன். மரியோவின் தொப்பி சிவப்பு என்பதே பல வருஷம் கழித்துத்தான் தெரியும். ஒரு நாள் தம்பி, அப்போது அவனுக்கு ஏழு வயது, திரையில் விரல் வைத்துக் காட்டினான். "எண்ணே, மேல இருக்க மேகந்தாம்ண்ணே கீழ செடியாவும் இருக்கு." நான் நம்பவில்லை. "போலே, செடி வேற, மேகம் வேற" என்றேன்.

அவன் சொன்னதுதான் சரி. 1985ல் வந்த அந்த மரியோ கேமின் மொத்த அளவே 40 கிலோபைட். படங்களுக்கு அதில் 8 கிலோபைட்தான். அதனால் அதை வடிவமைத்த மியாமோட்டோவும் டெசுகாவும் இருந்த நிண்டெண்டோ குழு ஒரே படத்தை மேலே வெள்ளையாகவும் கீழே பச்சையாகவும் போட்டது. கலர் டிவி வைத்திருந்தவர்கள் கண்ணுக்குத் தப்பியது, எங்கள் வீட்டில் நிறம் இல்லாததால் அகப்பட்டது. இத்தனை சிறிய இடத்துக்குள் ஓர் உலகத்தையே கட்டியவர்களின் வேலையை, நம் வயதின் மயக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

சேவ் பண்ண வழி கிடையாது. கரண்ட் போனால் முதலிலிருந்துதான். ஆனால் எங்கள் பெரிய சண்டை, இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கான்ட்ராவின் மூன்றாவது ஸ்டேஜில், அருவியில் ஏறும்போது வரும். ஒருத்தன் மேலே தாவினால் திரையும் கூடவே ஏறும்; கீழே நிற்பவன் விழுந்து சாவான். "எண்ணே, பைய போ, பைய போ" என்று தம்பி கத்துவான். நான் நின்றதில்லை. அவனுடைய லைஃப் முழுக்க அந்த அருவியில்தான் போயிற்று. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவனைத்தான் போனில் கூப்பிட்டேன். இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

பழைய பெட்டி கிடைத்தால் குழாய் டிவி ஒன்றும் சேர்த்துப் பாருங்கள். ரிப்பேர் கடைகளில் கேட்டால் கிடைக்கலாம். கேசட் ஓடாவிட்டால் நாம் செய்த மாதிரி வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் செம்புப் பற்கள் அரிக்கும். அன்று ஊதியதால் ஓடியதாக நினைத்தோம். கழற்றித் திரும்ப மாட்டியதுதான் வேலை செய்தது. பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். கரண்டில் சொருகும் முன் அடாப்டரின் வோல்ட்டும் பெட்டியில் போட்டிருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ரிமோட் இரண்டு வேண்டும். இரண்டாவதை மகன் கையில் கொடுங்கள். அருவி ஸ்டேஜ் வந்ததும் அவனை முதலில் ஏறவிடுங்கள்.