களியா, கூழா? ஃபில்லர் ஊசி பற்றி உங்கள் கேள்விகள்

பெங்களூரில் ஒரு தோல் சிகிச்சை கிளினிக்கில் ஒன்பது வருஷம் ஊசி அறையில் நின்றவள் நான். இப்போது கிருஷ்ணகிரியில் வீட்டோடு இருக்கிறேன். நர்ஸ்தான், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஓசூரிலிருந்து: சிஸ்டர், ஃபில்லரும் போடாக்ஸும் ஒன்றுதானே?

இல்லை. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். நெற்றியைச் சுருக்கும்போது விழும் கோட்டுக்கு அது. ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். ஒட்டிப்போன கன்னம், மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பு, மெல்லிய உதடு, இதற்கெல்லாம் ஃபில்லர். தொங்கும் தோலை இழுத்துக் கட்டும் வேலை இரண்டுக்குமே தெரியாது.

பர்கூரிலிருந்து: உள்ளே போவது என்ன? நாங்கள் சைவம்.

பெரும்பாலும் ஹையலூரானிக் அமிலம். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், நம் தோலிலும் மூட்டிலும் ஏற்கெனவே இருப்பதுதான். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு. 1934இல் முதலில் மாட்டுக் கண்ணிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். இப்போது பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கிறார்கள், ஆகவே சைவம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதை அப்படியே ஏற்றினால் ஓரிரு நாளில் உடம்பு கரைத்துவிடும். அதனால் அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ஜெல்லாக்குகிறார்கள். பிணைப்பு கூடினால் ஜெல் கெட்டிப்படும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், தாடைக்குப் போடுவது களி, உதட்டுக்குப் போடுவது கூழ். சிரிஞ்சில் மிச்சமிருந்த துளியை விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்: ஒன்று உருண்டு நிற்கும், இன்னொன்று வழுக்கி ஓடும். ஒரு சிரிஞ்ச் பொதுவாக 1 மில்லி, டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று முகம் சுருங்காதவர்கள் குறைவு.

பாலக்கோட்டிலிருந்து: எத்தனை நாள் நிற்கும்?

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை. சிலருக்கு அதற்கும் மேல். ஓயாமல் அசைகிற உதட்டில் சீக்கிரம் கரையும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து: மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்து நாள் முன்னால் போட்டால் சரியாக இருக்குமா?

வேண்டாம்மா. வீக்கம் சில நாளில் வடிந்தாலும் ரத்தம் கட்டிய நீலம் இரண்டு வாரம் வரை இழுக்கலாம். முகூர்த்த போட்டோவில் அதுதான் முதலில் தெரியும். ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறாளென்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அரூரிலிருந்து: எங்கள் ஊரில் ஒரு பார்லரில் பாதி விலைக்குப் போடுகிறார்கள். ஊசியே இல்லாத பேனாவும் இருக்கிறதாம். போகலாமா?

போகாதீர்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முகத்தில் ரத்தக்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. ஜெல் தவறி ஒரு குழாய்க்குள் போனால் அந்த இடத்துக்கு ரத்தம் நின்றுவிடும். மூக்கு, இரு புருவத்துக்கு நடுவே உள்ள குழாய்களுக்குக் கண்ணோடு தொடர்பு உண்டு, அங்கே அடைத்தால் பார்வையே போகலாம். எங்கள் டாக்டர் ஒவ்வொரு முறை ஊசி போட்டதும் அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த தோல் இரண்டு மூன்று நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் நான் ஃப்ரிட்ஜுக்கு ஓட வேண்டும். அங்கே ஹையலூரானிடேஸ் இருக்கும், ஜெல்லைக் கரைக்கிற மருந்து.

வேறெங்கோ போட்டுக்கொண்டு மறுநாள் வந்த ஒரு பெண்ணின் மூக்கு நுனி ஊதாவும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. வலி தாங்காமல் அழுதார். போட்ட இடத்தில் “வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்” என்று அனுப்பிவிட்டார்களாம். கரைத்தோம், புண் ஆறியும் சின்னத் தழும்பு நின்றுவிட்டது.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன், கரைக்கும் மருந்து கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். முழித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் பேனா ஜெல்லை அழுத்தத்தில் பீய்ச்சும், எந்த ஆழத்துக்குப் போகிறது என்று பிடிப்பவருக்கே தெரியாது. 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அதைப் பயன்படுத்த வேண்டாமென்று எச்சரித்தது. சேலமோ பெங்களூரோ, பஸ் ஏறித் தோல் மருத்துவரிடமே போங்கள்.

பென்னாகரத்திலிருந்து: பல்லெல்லாம் பழுப்புக் கறை. உதட்டைப் பெரிதாக்கினால் மறையுமா?

மறையாது. தர்மபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், சின்ன வயதில் குடித்த தண்ணீரின் கறை அது. பல் டாக்டரைப் பாருங்கள்.

மறுபடியும் ஓசூர்: போட்டது பிடிக்காவிட்டால்?

ஹையலூரானிக் என்றால் கரைத்துவிடலாம். கால்சியம் கலந்த வகைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அதனால் முதல் தடவை போடுகிறவர்கள் முன்னதையே கேளுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: மாமியாருக்குத் தெரியாமல் உதட்டுக்குப் போட முடியுமா?

இரண்டு மூன்று நாள் உதடு நன்றாகவே வீங்கும். மாங்காய்ப் பால் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்த ஒரு கிருஷ்ணகிரிப் பெண்ணை எனக்குத் தெரியும். ஆனால் அவர் போட்டுக்கொண்டது வைகாசியில். நீங்கள் ஐப்பசியில் கேட்கிறீர்கள்.