ஒரே பாட்டு ஐந்து விதமாகக் கிடைக்கிறது: ஜெல்லி ரோல் மார்ட்டனை எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி: கீபோர்டு கற்றுக்கொள்கிறேன். ஆரம்பகால ஜாஸ் பியானோ கேட்கலாம் என்று ஆப்பில் ஜெல்லி ரோல் மார்ட்டனைத் தேடினால் ஏகப்பட்ட தொகுப்புகள் வருகின்றன. ஒரே பாட்டு ஓரிடத்தில் கரகரக்கிறது, இன்னோரிடத்தில் நேற்றுப் பதிவு செய்தது போல இருக்கிறது. எது அசல்? எதைக் கேட்டுப் பழகுவது?

பதில்: தொகுப்பின் பெயரை விட்டுவிடுங்கள், பதிவான வருடத்தைப் பாருங்கள். மார்ட்டன் பெரும்பாலும் வாசித்தது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இசைத்தட்டுகளுக்காக. இன்றைய 'பெஸ்ட் ஆஃப்' எல்லாம் பிற்பாடு யார் யாரோ கட்டிய பொட்டலங்கள்.

அந்தச் சுத்தமான பதிவைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அது வேறொருவர் புதிதாக வாசித்ததாக இருக்கலாம், இல்லையென்றால் பியானோ ரோல், அதாவது துளையிட்ட காகிதச் சுருளைத் தானியங்கிப் பியானோவில் ஓட்டிப் புதிதாகப் பதிந்தது. 1924-ல் மார்ட்டன் சில ரோல்கள் செய்தது உண்மைதான். ஆனால் எந்தக் கட்டை எப்போது அழுந்தியது என்பது மட்டும்தான் அந்தத் துளைகளில் இருக்கும். எவ்வளவு அழுத்தி அடித்தார் என்பது இருக்காது, வேகமும் பிற்பாடு ஓட்டுகிறவர் வைத்ததுதான். கற்றுக்கொள்ள வேண்டியதே அந்த அழுத்தம் என்பதால் கரகரப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் காது பழகிவிடும்.

ஆரம்பிக்க 'கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்' என்ற ஒரே பாட்டு போதும். அதன் தனிப் பியானோப் பதிவு 1923 ஜூலையில் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜென்னெட் நிறுவனம் எடுத்தது. மைக் வராத காலம், ஒலியைத் திரட்டும் புனல் முன்னால் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். இதைப் பத்து தடவை கேட்டுவிட்டு, அப்புறம் 1926 டிசம்பரில் சிகாகோவில் விக்டர் நிறுவனத்துக்காக 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' குழுவோடு மைக் வைத்துப் பதிந்ததைப் போடுங்கள். பியானோவில் வலது கை செய்ததில் பாதியைக் கார்னெட்டும் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) கிளாரினெட்டும் எடுத்துக்கொண்டிருக்கும், இடது கையில் சறுக்கி வந்தது கிட் ஓரியின் ட்ராம்போனுக்குப் போயிருக்கும், ஜானி செயின்ட் சிர் கிடாரோடு நடுநடுவே தனியாகப் புகுவார். பியானோ வாசிப்பது ஒரு பேண்டு வாசிப்பது போலக் கேட்க வேண்டும் என்பது மார்ட்டனின் கட்சி. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அது விளக்கமே இல்லாமல் புரிந்துவிடும். அதே குழு அதே வருடம் செப்டம்பரில் பதிந்த 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' அடுத்தது. மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் இத்தனை திருப்பமா என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

இதற்குப் பிறகுதான் 1938-க்குப் போக வேண்டும். நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ், வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அரங்கில் அவரைப் பியானோ முன்னால் உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேசவும் வாசிக்கவும் வைத்தார். முழுசும் எட்டு மணி நேரத்துக்கு மேல். 2005-ல் எட்டு சிடியாக வந்தது. மொத்தமும் வேண்டாம், மூன்று இடம் மட்டும் தேடிக் கேளுங்கள்: 'மேப்பிள் லீஃப் ராக்'கை மிசௌரி பாணியிலும் தன் பாணியிலும் வாசித்துக் காட்டுவது, 'டைகர் ராக்' பழைய நடன இசையிலிருந்து எப்படி வந்தது என்று காட்டுவது, 'லா பலோமா' என்ற ஸ்பானியப் பாட்டை வைத்து ஸ்பானிய வாடை இல்லாமல் ஜாஸுக்கு ருசி வராது என்று வாதிடுவது. மூன்றும் உங்களுக்கு இலவசப் பாடம். (சில பாட்டுகள் படு பச்சை. வீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள்.)

சொல்வதையெல்லாம் நம்பவும் வேண்டாம். 1902-லேயே ஜாஸைக் கண்டுபிடித்தது நான்தான் என்று பத்திரிகைக்கே எழுதியவர் அவர்; ஞானஸ்நானப் பதிவின்படி பிறந்தது 1890, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பீற்றலைக் காட்டி அவரை ஒதுக்குவது அதைவிட அபத்தம். 1935-ல் பென்னி குட்மன் குழு வாசித்துப் பெரும் வெற்றி பெற்ற 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' இவருடையது. அதே பாட்டை இவரே 1923-ல் தனியாகவும், 1924-ல் கிங் ஆலிவரின் கார்னெட்டோடு ஜோடியாகவும், 1926-லும் 1939-லும் மறுபடி தனியாகவும் தட்டில் பதிந்திருக்கிறார். நீங்கள் குழம்பியது இப்படிப்பட்ட பாட்டுகளில்தான் இருக்கும். இதில் எல்லாமே அசல்தான். ஒரே பாட்டு என்றாலும் ஒரே வாசிப்பு இல்லை.

வாசித்துப் பழக, ஜேம்ஸ் டபோக்னி பதிவுகளைக் கேட்டு எழுதி 1982-ல் வெளியிட்ட இசைக்குறிப்புத் தொகுப்பைத் தேடுங்கள், நூலகத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம். 61 கட்டைக் கீபோர்டில் இடது கையின் அடி ஆக்டேவ்கள் எட்டாது, ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றினால் வலது கையோடு இடிக்கும், அதனால் 88 கட்டை கிடைக்கும்வரை வலது கையை மட்டும் பதிவோடு சேர்த்து வாசியுங்கள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும், அக்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதியப்படவில்லை, தப்பு உங்கள் காதில் இல்லை. கீபோர்டின் ட்யூனிங்கை நகர்த்திச் சேர்த்துக்கொள்ளுங்கள்.