பருத்தித்துறை வாக்காளனைக் கேட்டார்களா?

கேள்வி: 1931இல் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்ததால்தான் 1936இல் தனிச் சிங்கள மந்திரிசபை வந்தது. 1934 இடைத்தேர்தலில் ஓடிப்போய் நின்றதே அவர்கள் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரித்தானே?
(வாசகர், கரவெட்டி)

பதில்: ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், இந்தக் கணக்கு நிற்காது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை நான்கும் காலியாகக் கிடந்த 1931 அரசாங்க சபையில்தான் (அன்றைய சட்டசபை) ஏழு மந்திரிகளில் தமிழரான பெரி. சுந்தரமும் முஸ்லிமான மாக்கான் மாக்காரும் இருந்தார்கள். 1936இல் நான்கு இடமும் நிரம்பியிருந்தது, சபாநாயகர் நாற்காலியில் ஊர்காவற்றுறை உறுப்பினர் துரைசுவாமியே உட்கார்ந்திருந்தார், அப்போதுதான் ஏழு பேரும் சிங்களவர். மந்திரியைத் தெரிந்தெடுத்தது நிர்வாகக் குழுக்கள்: சபை உறுப்பினர்கள் ஏழு குழுவாகப் பிரிந்தார்கள், ஒவ்வொரு குழுவும் தெரிந்தெடுத்த தலைவரே மந்திரி. ஏழு குழுவிலும் ஆள்கணக்குப் பார்த்துப் பெரும்பான்மை உட்கார்ந்துவிட்டால் நாலு பேர் முன்கூட்டியே போயிருந்தும் ஒன்றும் ஆகியிருக்காது.

அப்புறம், ஓடிப்போய் நின்றவர்கள் யார்? 1934இல் பருத்தித்துறையில் வென்ற ஜி.ஜி. பொன்னம்பலம் பகிஷ்கரித்தவரே இல்லை, 1931இல் மன்னார்–முல்லைத்தீவில் நின்று தோற்றவர்.

ஆனால் அந்தப் பகிஷ்கரிப்பில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு, அதை நீங்கள் கேட்கவே இல்லை. அதற்கு முன் இலங்கையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு. படிப்பு, வருமானம், சொத்து என்று கேட்டார்கள். 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியல் திட்டம் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கைக் கொடுத்தது. வடமராட்சியில் விடியுமுன் துலா மிதித்து அடுத்தவன் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தவனும், முற்றத்தில் கிடுகு பின்னிக்கொண்டிருந்த அவன் மனைவியும் முதல் தடவையாக வாக்காளர்கள். 1931 மே 4ஆம் திகதி நான்கு தொகுதிக்கும் ஒரு வேட்புமனுகூட வரவில்லை. அவர்கள் வாக்கு அத்தோடு போயிற்று, 1934 வரை. முழுச் சுயராஜ்யம் தராத திட்டம் வேண்டாம் என்று, பகிஷ்கரிப்பை நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சொன்னது நேர்மையான பேச்சு, அதை மதிக்கிறேன், பாடசாலையில் சாதி பாராமல் சமமாக இருத்த வேண்டும் என்று நின்றவர்களும் அவர்களேதான். ஆனால் கோயிலிலும் கிணற்றடியிலும் தள்ளி நிறுத்தப்பட்டவனுக்கு ஊர்ப் பெரியவரோடு சரிசமமாக நிற்கக் கிடைத்த ஒரே இடம் வாக்குச்சாவடி. அதை மூன்று வருஷம் மூடிவைக்க அவனைக் கேட்டா முடிவெடுத்தார்கள்?