3 டெராபைட் டிஸ்க் 746 ஜிபி ஆன கணக்கு

கேள்வி: நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வதற்காக 3 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி, எங்கள் பழைய செட் டாப் பாக்ஸில் இணைத்தேன். ஃபார்மட் செய்து முடித்த பிறகு பாக்ஸ் 746 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். 746 என்ற அந்த எண்ணே அவர் கொடுத்தது 3 டெராபைட் டிஸ்க்தான் என்பதற்குச் சாட்சி.

ஹார்ட் டிஸ்க் தன் இடத்தை 512 பைட் கொண்ட செக்டர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வரிசையாக எண் கொடுத்து வைத்திருக்கிறது. பழைய பாக்ஸ்கள் பலவற்றின் மென்பொருள் இந்த எண்ணை 32 பிட்டுக்குள், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களுக்குள், அடக்கப் பார்க்கிறது. அதில் அடங்குபவை 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள் மட்டுமே. இதை 512 ஆல் பெருக்கினால் சுமார் 2.2 டெராபைட் வரும். அதைத் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போல, கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது. உங்கள் டிஸ்கின் மொத்த அளவிலிருந்து அந்த 2.2 டெராபைட்டைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 80,156 கோடி பைட். 1,024இன் மடங்குகளில் எண்ணும் கணினிக் கணக்கில் அதுவே 746 ஜிபி. 1983இல் ஐபிஎம் பிசிக்கான டாஸ் 2.0 உடன் வந்த, டிஸ்கின் பகுதிகள் எங்கே தொடங்குகின்றன, எவ்வளவு பெரியவை என்று குறித்துவைக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்கும் இதே 32 பிட் வரம்புதான். கணினிகள் ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறைக்கு மாறி அதைக் கடந்துவிட்டன, உங்கள் பாக்ஸ் இன்னும் கடக்கவில்லை.

டிஸ்கைக் கணினியில் முழு அளவுக்கு ஃபார்மட் செய்து கொண்டுவந்து பாக்ஸை ஏமாற்ற முயலாதீர்கள். வரம்புக்கு அப்பால் எழுத வேண்டியதை அது டிஸ்கின் தொடக்கத்திலேயே எழுதி, பழைய பதிவுகளை அழித்துவிடக்கூடும். பாக்ஸுக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2 டெராபைட் டிஸ்க் ஒன்றை அதற்குக் கொடுத்துவிட்டு, இதைக் கணினிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் ஹெச்டி ஒளிபரப்பு மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும் என்பதால், 2 டெராபைட்டில் சுமார் 555 மணி நேரம் அடங்கும். தினமும் இரண்டு மணி நேரம் பார்த்தாலும் தீர ஒன்பது மாதம் ஆகும். அதற்குமேல் சேர்த்துவைத்து யார் பார்க்கப்போகிறார்கள்?

கேள்வி: என் சிறிய ஹார்ட் டிஸ்க் கணினியில் நன்றாக வேலை செய்கிறது, பாக்ஸில் போட்டால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது.
– வாசகி, சேலம்

பதில்: பெரும்பாலும் மின்சாரம் போதாததுதான் காரணம். யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகமாக இழுக்கிறது. தனி அடாப்டருடன் வரும் 3.5 அங்குல டிஸ்குக்கு இந்தச் சிக்கல் இல்லை. தனி மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப்பும் உதவும் என்றாலும், சில பாக்ஸ்கள் ஹப்பை ஏற்பதில்லை. ஆகவே வாங்குவதற்கு முன் ஒருவரிடம் இரவல் கேட்டுச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: பாக்ஸில் பதிந்ததைக் கணினியில் பார்க்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கட்டணச் சேனல்களின் பதிவுகள் பொதுவாக அந்த ஒரு பாக்ஸ் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். கணினியில் இணைத்தவுடன் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிக் கழற்றிவிடுங்கள்.