‘நேப்’ பண்ணினால் அது கைதா?

தமிழக-கேரள எல்லையில் குடியிருப்பவர்களுக்குப் பேப்பரைத் திறந்தால் யாராவது எதனுடனாவது பிடிபட்டிருப்பார்கள். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கேள்வியெல்லாம் ‘நேப்’ (nab) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றியே.

‘டூ நேப்டு வித் ரேஷன் ரைஸ்’ என்று ஒரு தலைப்பு பார்த்தேன். நேப்டு என்றால் அரெஸ்டட்தானே?
*பி.எஸ்.சி. அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, கொழிஞ்சாம்பாறை*

பாதி சரி. அரெஸ்ட் சட்டச் சொல், ஸ்டேஷன் ரெக்கார்டில் ஏறுவது. பழைய பிரெஞ்சில் அதற்கு ‘நிறுத்து’ என்று பொருள். இதயம் நின்றுபோனால் கார்டியாக் அரெஸ்ட் என்கிறோமே, அதே அரெஸ்ட். நேப் அதற்கு முந்தின நிமிஷம். ஓடுகிறவனை மடக்கி அமுக்குவது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொச்சையாகப் புழங்க ஆரம்பித்த சொல், இன்றைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து என்பதால் தலைப்பு வைப்பவர்களுக்குச் செல்லப்பிள்ளை.

இன்னொன்று. என் வகுப்பில் ஒரு பையன் இப்படிப்பட்ட ஒரு தலைப்பை ‘இருவர் ரேஷன் அரிசியைப் பிடித்தனர்’ என்று மொழிபெயர்த்தான். கடத்தினவர்கள் ஒரே வரியில் பறக்கும் படை ஆகிவிட்டார்கள்! தலைப்பில் ‘வேர்’ (were) என்ற துணைவினையை விழுங்கியிருக்கிறார்கள். ‘டூ வேர் நேப்டு’, அதாவது பிடிபட்டனர். போலீஸ் முன்னால் வந்து ‘போலீஸ் நேப் டூ’ என்றிருந்தால் பிடித்தது போலீஸ். பார்க்க நிகழ்காலம், நடந்தது நேற்று.

பஸ்ஸில் சீட் பிடிப்பதற்கும் இதைச் சொல்லலாமா?
*கல்லூரி மாணவர், வேலந்தாவளம்*

தாராளமாக. ‘ஐ நேப்டு எ விண்டோ சீட்.’ பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒருவர் துண்டை வீசுகிறார் பாருங்கள், அவர் செய்வதுதான் நேப். ரிசர்வ் செய்துவிட்டுச் சாவகாசமாக ஏறி உட்காருவது ஆகாது. அடுத்தவன் கை படுமுன் படக்கென்று பிடிக்க வேண்டும்.

ஆனால் காய்ச்சலை நேப் பண்ண முடியாது, அதற்குக் கேட்ச்தான். நம்மூரில் சளி நம்மைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம்.

பைக் திருட்டுப் போனது. புகாரில் ‘மை பைக் வாஸ் நேப்டு’ என்று எழுதினேன். ஸ்டேஷனில் சிரித்தார்கள்.
*தொழிலாளி, கஞ்சிக்கோடு*

பைக்கைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று பைக்கின் சொந்தக்காரரே வந்து போலீஸிடம் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சுட்டுக்கொண்டு போவதையும் பேச்சில் நேப் என்பதுண்டு. புகாருக்கு ‘ஸ்டோலன்’ எழுதுங்கள்.

இந்தக் குடும்பமே இரட்டை வேஷக்காரக் குடும்பம். பிரிட்டிஷ் பேச்சில் ‘நிக்’, ‘பின்ச்’ இரண்டுமே திருடுவதற்கும் ஆகும், திருடனைப் பிடிப்பதற்கும் ஆகும். ‘இன் த நிக்’ என்றால் ஆள் உள்ளே. ‘காலர்’ என்பது சட்டையைக் கொத்தாகப் பிடிப்பது. ‘பஸ்ட்’ அமெரிக்கச் சரக்கு, ரெய்டு வாடை அடிக்கும். ‘ஸ்னாட்ச்’ மட்டும் போலீஸுக்குக் கொடுக்காதீர்கள், அது செயின் அறுப்பவன் வேலை.

பக்கத்து வீட்டு மலையாளி ‘போலீஸ் பொக்கி’ என்கிறார். தமிழில் நேப்புக்கு எது சரி?
*மளிகைக் கடைக்காரர், மீனாட்சிபுரம்*

அவர் ‘பொக்கி’ என்றால் நாம் ‘தூக்கிட்டாங்க’ என்கிறோம். இரண்டுக்கும் உயரத் தூக்குவதுதான் நேர்ப்பொருள். நேப்புக்கு என் ஓட்டு இதற்கே. ‘கைது செய்’ என்று போட்டால் வேட்டியை இறக்கிவிட்டுக் கோட்டு மாட்டினது மாதிரி. கைது என்ற சொல்லே அரபியிலிருந்து கச்சேரி, அதாவது அந்தக் கால அரசு அலுவலகம் வழியாக வந்தது.

கோட்டுப் போட்ட இங்கிலீஷ் வேண்டுமென்றால் ‘அப்ரிஹெண்ட்’ இருக்கிறது. அதற்குப் பிடிப்பது என்றும் பொருள், புரிந்துகொள்வது என்றும் பொருள். நமக்கு இது புதிதில்லை. காட்டை விட்டு வந்த புலி பிடிபட்டது என்கிறோம், கணக்கு பிடிபடவில்லை என்கிறோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் ஒன்றும் புரியாவிட்டால் ‘ஒரு பிடியும் கிட்டுன்னில்ல’ என்றுதான் சொல்வார்.

கிட்னாப்பில் இருப்பது இந்த நேப்தானா? நபாபுக்கும் (nabob) சம்பந்தம் உண்டா?
*ஆசிரியை, சித்தூர்*

முதலாவது உறவு. ‘கிட்’ பிள்ளை, ‘னாப்’ நேப்பின் இன்னொரு முகம். அமெரிக்கத் தோட்டங்களில் வேலை வாங்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களைக் குறித்து 17-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. நபாப் நம் நவாபின் திரிபு, உறவே இல்லை.

நேப்டு எழுதும்போது எத்தனை ‘பி’?
*பெயர் எழுதாதவர்*

இரண்டு. நேப்பிங்குக்கும் இரண்டு.